நீலப் பூவும் காட்டின் இலைக்கடனும்

சிம்லா, முசூரி, நைனிடால் போன்ற இமயமலை ஊர்களில் வசந்த காலத் தோட்டம் என்றால் வெயில் விழும் முற்றமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வீட்டின் வடபுறமும் மரத்தடியும் பயனற்ற இடங்களாகக் கருதப்பட்டுச் சிமெண்டு பூசப்படுகின்றன. அந்த நிழலை விரும்பி வளரும் செடிகளுள் ஒன்று ஃபர்கெட்-மீ-நாட். ‘என்னை மறவாதே’ என்பது அப்பெயரின் பொருள். தாவரவியலில் அதன் பெயர் மயோசோட்டிஸ் சில்வாட்டிக்கா. மயோசோட்டிஸ் என்னும் கிரேக்கச் சொல் எலிக்காதைக் குறிக்கும். மென்மயிர் படர்ந்த சிறிய இலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். சில்வாட்டிக்கா என்றால் காட்டுக்குரியது. வளர்ப்பு முறை முழுவதும் இந்த இரண்டாம் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

மழைக்காலம் ஓயும் வேளையில் விதைத்தால், நாற்று தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகக் குளிரைக் கடந்து, வசந்தத்தில் பூக்கும். மொட்டில் இளஞ்சிவப்பாகத் தோன்றும் நிறம், இதழ் விரியும்போது நீலமாகிறது. பூவின் நடுவிலுள்ள மஞ்சள் வளையம் நாள்பட வெளுத்துவிடும். தேன் தேடி வரும் பூச்சிக்கு அது ஓர் அறிவிப்பு. காலை வெயிலும் பிற்பகல் நிழலும், ஈரம் தங்கினாலும் நீர் தேங்காத மண்ணும் இதற்குப் போதும். உரம் மிகுந்தால் இலை பெருத்துப் பூ குறையும். பூத்து முடிந்ததும் சாம்பல் நோய் படிந்து செடி அழகிழக்கும். உடனே பிடுங்கி எறிந்தால் அடுத்த ஆண்டு பூ இல்லை. விதை முதிரும்வரை அந்த அழகின்மையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. சிக்கல் மண்ணில் தொடங்குகிறது. இச்செடி விரும்புவது காட்டுத்தரையின் இலைமட்கு. அதைப் பெற எளிய வழியாகப் பலர் கண்டிருப்பது, அருகிலுள்ள பாஞ்ச் ஓக் காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வாரி வருவது. மலைக்கிராமப் பெண்கள் அதே சருகைத் தொழுவத்தில் பரப்பி எருவாக்கி வயலுக்கு இடுகின்றனர், அது பிழைப்பு. விடுதி முகப்பின் பூத்தொட்டிக்காகக் காட்டைச் சுரண்டுவதை அதனோடு ஒப்பிட இயலாது.

ஓக் காட்டின் சருகுப் படுகை மழைநீரை நிறுத்தி மெல்ல நிலத்துள் இறக்குகிறது. படுகை அகன்றால் நீர் சரிவில் ஓடிவிடும். கீழே நௌலா, தாரா என மக்கள் அழைக்கும் சுனைகள் மெலியும். இமயமலைப் பகுதியின் சுனைகளில் ஏறத்தாழ பாதி வறண்டு வருவதாக நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. காரணங்கள் பல, சருகு இழப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆயினும் தோட்டக்காரரால் இன்றே நிறுத்தக்கூடிய காரணம் அது.

மாற்று வழி கடினமானதன்று. இலையுதிர் காலத்தில் தம் முற்றத்தில் விழும் இலைகளை எரிக்காமல், கம்பிவலைக் கூண்டில் குவித்து ஈரம் காத்தால், ஓரிரு ஆண்டுகளில் கரிய மட்கு கிடைக்கும். மலை நகரங்களில் எரிந்து புகையாகும் சருகே பல நிழற்பாத்திகளுக்குப் போதுமானது.

அயல்நாட்டுப் பூ எதற்கு என்று சிலர் வினவுவர். இப்பேரினத்தின் சில செடிகள் காஷ்மீர மலைகளில் இயல்பாகவே வளர்கின்றன. சிம்லா மலைகளின் ஆப்பிளும் வெளியிலிருந்து வந்ததே. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே தக்க கேள்வி. ஈரநிலத்துக்குரிய உறவுச்செடியான மயோசோட்டிஸ் ஸ்கார்ப்பியாய்டிஸ், வட அமெரிக்க ஓடைக்கரைகளில் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்கியிருக்கிறது. ஆகவே ஓடைக்கும் சுனைக்கும் அருகில் எந்த வகையையும் நடாமல் இருப்பதே அறிவுடைமை. பாத்தியின் எல்லையைத் தாண்டி முளைக்கும் நாற்றுகளை ஆண்டுதோறும் களைவது வளர்ப்பவரின் பொறுப்பு.

நிழலில் ஒரு நீலப் பாத்தி அமைப்பது தவறன்று. சிமெண்டுத் தரையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதற்கான மண் காட்டிலிருந்து களவாடப்பட்டதாக இருத்தலாகாது. ‘என்னை மறவாதே’ என்னும் பெயரைத் தாங்கிய பூவை வளர்ப்போர், அந்தச் சரிவின் கீழே குடத்துடன் காத்திருப்போரை மறக்கலாகாது.