"தாங்கும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பொய்

கடற்கரையையும் வெப்பத்தையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "அலையிடைப் பகுதி உயிர்கள் இயல்பிலேயே வலியவை, அவை தகவமைத்துக்கொள்ளும்." கரையை நிரப்பிக் கட்ட விரும்புவோர் இதைச் சொல்கின்றனர், இயற்கையின் அற்புதங்களை வியந்து எழுதுவோரும் சொல்கின்றனர். அறிவியலின் சாயம் பூசிய இவ்வாக்கியம், அறிவியல் கண்டறிந்ததைத் தலைகீழாக வாசிக்கிறது.

குளிர்குருதி உயிர்களின் வளர்சிதைமாற்றம் வெப்பத்தோடு சேர்ந்து உயரும் என்பது உடலியங்கியலின் பழைய விதி. 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகும். நீர் வடிந்த பாறையில் ஒட்டியிருக்கும் நத்தைக்கு இது பெருந்துன்பம். உலர்ந்த பாறையில் அது மேய இயலாது. வரவு நின்றுவிட, செலவு மட்டும் ஏறுகிறது. புரூணைக் கரையில் வாழும் எக்கினோலிட்டோரைனா மலக்கானா என்னும் சிறு நத்தை இவ்விதியை மீறுவதை டேவிட் மார்ஷலும் கிறிஸ்டோபர் மெக்வெயிடும் 2011இல் எடுத்துக்காட்டினர். சுமார் 35 பாகைக்கு மேல் வெப்பம் ஏற ஏற, அதன் வளர்சிதைமாற்றம் தணிகிறது. காலை உள்ளிழுத்து, மூடியை அடைத்து, உலர்ந்த கோழையால் பாறையைப் பற்றிக்கொண்டு அது செலவைச் சுருக்குகிறது. சுமார் 46 பாகையைக் கடந்ததும் வேகம் மீண்டும் எழுகிறது. உருக்குலையும் புரதங்களைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஆக்க ஆற்றல் வேண்டும். அதற்கும் மேலே சில பாகைகளில் சாவு காத்திருக்கிறது.

வியக்கத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் இதற்குப் பஞ்சகாலச் சிக்கனம் என்றே பெயரிடவேண்டும். ஓட்டை இறுக மூடிக்கொள்ளும் மட்டியும் அவ்வாறே உயிர்வளியின்றிச் சேமிப்பை எரிக்கிறது; நீர் திரும்பியதும் அந்தக் கடனை அடைக்கிறது. ஒடுங்கிக் கழித்த ஒவ்வொரு மணியும் மேய்ச்சலிலிருந்தும் வளர்ச்சியிலிருந்தும் முட்டையிலிருந்தும் கழிகிறது. பாறையில் நத்தைகளை எண்ணிவிட்டு "நலமாக உள்ளன" என்று எழுதுபவரின் கண்ணுக்கு இந்தக் கழிவு தெரிவதில்லை.

இங்கே தமிழ் இலக்கணமும் ஏமாற்றுக்குத் துணைபோகிறது. "தாங்கும்" என்பதன் ஈற்றிலுள்ள "உம்" வழக்கத்தையும் குறிக்கும், எதிர்காலத்தையும் குறிக்கும். இதுநாள்வரை தாங்கிவந்தது என்ற பட்டறிவு, இனியும் தாங்கும் என்ற வாக்குறுதியாக ஓசையின்றி மாறிவிடுகிறது. "தகவமைத்துக்கொள்ளும்" என்பதில் உள்ள "கொள்" என்ற துணைவினையோ, வினையின் பயனையும் பொறுப்பையும் எழுவாயின் தலையிலேயே சுமத்துகிறது. வெப்பத்தைக் கூட்டியவர் வாக்கியத்தில் எங்கும் இல்லை. நத்தை மட்டுமே பொறுப்பாளி.

அந்த வாக்குறுதி எப்படி முறியும் என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சான்று. 2021 ஜூன் இறுதியில் லிட்டன் என்ற ஊரில் வெப்பநிலை 49.6 பாகையைத் தொட்டது. கடற்கரைப் பாறைகள் 50 பாகைக்கு மேல் கொதித்தன. தாழ்நீரும் பகற்பொழுதில் அமைந்தது. அங்கே நூறு கோடிக்கும் மேற்பட்ட கடலுயிர்கள் மடிந்திருக்கலாம் என்று உயிரியலாளர் கிறிஸ்டோபர் ஹார்லி மதிப்பிட்டார். மடிந்தவற்றுள் மட்டிகளும் கொட்டலசுகளும் மிகுதி. அவையும் "இயல்பிலேயே வலியவை" என்று பெயரெடுத்தவைதாம்.

அது குளிர்நாட்டுக் கதை, வெப்பநாட்டு உயிர்கள் பழகியவை என்பது அடுத்த வாதம். ஜொனாதன் ஸ்டில்மன் 2003இல் வெளியிட்ட பீங்கான் நண்டு ஆய்வு இதற்கு விடையளிக்கிறது: மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் இனங்களுக்கே அந்த வரம்பை இன்னும் உயர்த்திக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. வலியவை எனப்படுபவை ஏற்கெனவே விளிம்பில் நிற்கின்றன.

இந்தியாவில் இந்த விளிம்பை அளப்பார் யார்? கரையோர நிலையங்களுக்கான வெப்ப அலை வரையறையை வானிலை ஆய்வுத் துறை 37 பாகையிலிருந்து தொடங்குகிறது. அது நிழலில் வைத்த கருவி காட்டும் காற்றின் வெப்பம். வெயிலில் காயும் கரும்பாறையும் அதன்மேல் உள்ள ஓடும் அதைவிடப் பல பாகை மிகுதியாகச் சுடும். 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை அலையிடைப் பகுதிக்குத் தனி வகைப்பாடு தருகிறது. துறைமுகம் போன்றவற்றுக்காக அதை நிரப்பவும் வழிவிடுகிறது. நிரப்பும்போது பாறையின் வெடிப்பும் நிழலும் ஈரக்குழியும் போகின்றன. நத்தையின் சிக்கனம் பலிப்பதற்கு அந்த இடுக்குகளே அடிப்படை. வழவழப்பான கான்கிரீட் சுவரில் ஒதுங்க இடமேது?

ஆகவே கோரிக்கை எளியது. கரையில் எதையேனும் கட்டுமுன் பாறையின் வெப்பத்தை அளக்கட்டும்; அவ்விடத்தில் தாழ்நீர் நண்பகலில் வரும் நாள்களைக் கணக்கிடட்டும்; உயிர்கள் இருக்கின்றனவா என்பதோடு நில்லாமல் அவை வளர்கின்றனவா, முட்டையிடுகின்றனவா என்றும் பார்க்கட்டும். இவற்றைச் செய்யாமல் "தாங்கும்" என்று எழுதுபவர், பட்டினி கிடப்பவரைக் காட்டி "இவருக்குப் பசிப்பதே இல்லை" என்று சான்றிதழ் வழங்குகிறார்.