எல்லைப்புறத்து நஞ்சு

இந்தியாவின் மணிப்பூர் மாநிலம் மியன்மாருடன் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் எல்லையைப் பகிர்ந்துள்ளது. நம் கல்லூரி மலரில் இவ்வூர்ச் செய்தி எதற்கு எனச் சிலர் வினவலாம். அவ்வெல்லையிலுள்ள மோரே நகரிலே, பர்மாவினின்று பெயர்ந்த தமிழரும் குடியேறினர் என்பதை அன்னார் அறிவாராக.

மியன்மார் மலைகளில் விளைந்த அபினியினின்று வடித்த ஹெரோயின், 1980களில் இவ்வழியே பெருகி வரலாயிற்று. தொலைதூரச் சந்தைகளுக்குச் செல்லவேண்டிய சரக்கு வழியிலேயே சிந்திற்று. எல்லைப்புறத்து இளைஞர்க்கு எளிதிற் கிட்டிற்று. ஊசியால் ஏற்றினாற் சிறிதளவே போதும் என்பதால் அதுவே வழக்கமாயிற்று. புதிய ஊசிகளோ அரியன. ஒன்றையே பலர் பகிர்ந்தனர். 1990ஆம் ஆண்டளவில், அவ்வாறு ஏற்றுவோருட் சோதிக்கப்பட்டாரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது.

கடத்துவோனையும் அதற்கு அடிமைப்பட்டோனையும் ஒரே குற்றவாளியாய்க் கருதுவார் உளர். இதனை யாம் ஏற்கோம். முன்னவன் வணிகன், பின்னவன் நோயாளி. சிறைக்கு அஞ்சி மறைபவன் மருத்துவரை நாடுவனோ? தூய ஊசி வழங்குதல் தீமைக்குத் துணைபோதலாம் என்பர். அவன் மனைவியையும் பிறக்கவிருக்கும் குழவியையும் அவ்வூசியே காக்கின்றது என்பதை அவர் எண்ணினாரல்லர். மணிப்பூர் அரசு 1996இலேயே இவ்வழியைத் தன் கொள்கையில் ஏற்றமை பாராட்டற்பாலது.