மணி அடிக்காத சாவு

கெங்கவல்லியில் வாக்கப்பட்ட ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிறந்த வீடு வேறு மாவட்டம்; ஊர்ப் பெயர் வேண்டாம். தம்பி தன்னையே மாய்த்துக்கொண்டான். கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலியோர மூலையில் ஒரு குழி. ஜெபம் கிடையாது. “எம்புள்ள நரகத்துலயாடி இருக்கான்?” என்று அம்மா இன்னும் கேட்கிறாராம். “நான் என்னங்க பதில் சொல்றது?”

‘அப்படித் தீர்ப்புச் சொல்ல எந்த மனுஷனுக்கும் அதிகாரம் இல்லம்மா’ என்று சொல்லுங்கள். இது என் சொந்தச் சரக்கு இல்லை. தற்கொலையைப் பெரும் பாவம் என்றுதான் கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் சொல்கிறது. ஆனால் 1992-ல் வந்த அதன் மறைக்கல்வி நூலை எடுங்கள். எண் 2282: கடும் மனநோயோ, வேதனையோ, பயமோ இருந்தால் பொறுப்பு குறைகிறது. எண் 2283: அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது; திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது.

சரி, அடக்கம்? 1917-ஆம் வருஷத்துச் சட்டம்கூட, வேண்டுமென்றே திட்டமிட்டுச் செய்தவர்களுக்குத்தான் மறுத்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுபவர்களின் பட்டியல் 1184-ல் இருக்கிறது. அதில் தற்கொலை என்ற சொல்லே இல்லை! சந்தேகம் வந்தால் ஆயரைக் கேள் என்கிறது அதே சட்டம். ரோமாபுரி விட்டு நாற்பது வருஷம் தாண்டியாச்சு. வேலி மூலை மட்டும் விடமாட்டேன் என்கிறது.

நல்ல சாமியார்கள் நிறையப் பேர் பூசை வைத்து, கண்ணீரோடு அடக்கம் செய்கிறார்கள். மறுப்பது அநேகமாக ஊர்ப் பெரிசுகள்தான். ‘பயம் இருந்தாத்தானே சாக மாட்டாங்க?’ என்பார்கள்.

அய்யா, உள்ளுக்குள் உடைந்து போனவன் குழி எந்த மூலையில் என்று பார்ப்பதில்லை. பார்க்கிறவள் பெற்றவள். உங்கள் பயம் செய்கிற ஒரே வேலை, வாயை அடைப்பது. ‘தீராத வயிற்றுவலி’ என்று பேப்பரில் எத்தனை வருஷமாகப் படிக்கிறோம்! அந்தச் சாவுக்கு வந்த கூட்டத்திலேயே, ‘என்னால முடியலை’ என்று சொல்லத் துடிக்கிற இன்னொருவன் நிற்கலாம். வேலி மூலையைப் பார்த்த பிறகு அவன் யாரிடம் வாய் திறப்பான்?

அரசாங்கமே புரிந்துகொண்டது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம். போலீஸுக்கே வந்த இரக்கம் கோயில் வாசலில் வரக் கூடாதா?

அடுத்த முறை உங்கள் ஊரில் மணி அடிக்கவில்லை என்றால், சும்மா நிற்காதீர்கள். பணிவாகக் கேளுங்கள்: “சாமி, அந்த 1184-ஐக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க.”

உங்களுக்கே மனசு தாங்கவில்லையா? 104-க்கு ஒரு போன் போடுங்கள். வயிற்றுவலி என்று சொல்ல வேண்டாம்.