யாருடைய மரபு, யாருடைய வகுப்பறை?

ஏப்ரல் 18 உலக மரபு நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இவ்விரு தருணங்களையும் ஒட்டி, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, கல்வெட்டியல், அருங்காட்சியகவியல் ஆகியவற்றில் சான்றிதழ் படிப்புகளுக்கான அறிவிப்புகள் வந்து குவிகின்றன. வார இறுதி வகுப்பு, இணையவழிப் படிப்பு, பணியிலிருக்கும் பொறியாளர்களுக்கான பயிலரங்கு, ஓராண்டுப் பட்டயம் எனப் பல வடிவங்களில் அவை நடக்கின்றன. பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற பின்னும் ஒருவர் தொடர்ந்து கற்க வழி இருப்பது நல்லதே. ஆனால் நம் இயக்கங்கள் இவ்வறிவிப்புகளை நகர நடுத்தர வர்க்கத்தின் ஓய்வுநேர ஆர்வம் என்று கருதிக் கடந்து சென்றுவிடுகின்றன. அவ்வாறு கடந்து செல்லும் நிலையில் நாம் இல்லை. எது காக்கப்பட வேண்டும், எது இடிக்கப்படலாம் என்று அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் அறிக்கை எழுதும் கைகள் இவ்வகுப்புகளில்தான் உருவாகின்றன.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். கல்வெட்டு வாசிக்கக் கற்பிக்கும் பயிலரங்குகளுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விருப்பமான களம். 1010இல் முடிக்கப்பட்டது, 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் சுவர்களில் இராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக் கணக்கு நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வரி நீக்கப்பட்ட நிலங்கள் எவை என்று அது பட்டியலிடுகிறது. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்று செல்லும் அப்பட்டியலில் பறைச்சேரி வருகிறது. கம்மாணச்சேரி வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. சுடுகாடும் பறைச்சுடுகாடும் தனித்தனியாகக் குறிக்கப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உயிரோடிருப்போரும் இறந்தோரும் பிரித்து வைக்கப்பட்டதற்கு அரசே வெட்டிவைத்த ஆவணம் அது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் நூறாண்டுகளுக்கும் மேலாக அச்சில் இருக்கிறது. ஆயினும் மரபு நடைகளிலும் அறிமுக வகுப்புகளிலும் இவ்வரிகளுக்கு இடம் கிடைப்பது அரிது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையை மறுப்பதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குவோர்கூட, தீண்டாச்சேரி பொறிக்கப்பட்ட சுவரின் முன் நிற்பதில்லை. கல்லைக் காப்பதற்குக் கற்பிக்கிறார்கள். கல்லில் எழுதியிருப்பதை எவ்வளவு வாசிப்பது என்பதைப் பயிற்றுநரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

வாயிலில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்கு அண்மைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் கிரேட்டர் நொய்டாவில் இயங்கும் தீன்தயாள் உபாத்யாயா தொல்லியல் நிறுவனம் 2020இல் தன் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வெளியிட்டது. தகுதிக்குரிய செம்மொழிகளாகச் சமற்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் ஆகியவை குறிக்கப்பட்டன. 2004இலேயே செம்மொழி என இந்திய அரசு அறிவித்த தமிழ் அதில் இல்லை. நாட்டின் கல்வெட்டுகளில் மிகப் பெரும் பங்கு எந்த மொழியில் உள்ளதோ, அந்த மொழியில் முதுகலை பயின்றவருக்கு அவற்றைக் காக்கும் படிப்பில் இடமில்லை என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் கேள்வி எழுந்தது. சில நாட்களிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகியவற்றைச் சேர்த்துத் திருத்திய அறிவிப்பு வந்தது.

ஓர் அறிவிப்பின் ஒற்றை வரியை அழுத்தம் தந்தால் ஒரு வாரத்தில் மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. மொழிக்காக எழுந்த அந்தக் குரல், அதே அறிவிப்பால் நிரப்பப்படும் இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ் உள்ளே சென்றால் தமிழர் அனைவரும் உள்ளே சென்றதாகிவிடும் என்ற நினைப்பு நம் மாநிலத்தில் புதிதன்று.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் வருகிறது? மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இட ஒதுக்கீடு) சட்டம், 2006, பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் ஒதுக்குகிறது. ஆனால் அது பேசுவது மத்திய நிறுவனங்களின் ‘ஆண்டு அனுமதி இடங்கள்’ குறித்து. அறக்கட்டளை ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் சில வாரப் படிப்பு அதன் எல்லைக்குள் வராது. தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இட ஒதுக்கீடு கொண்டுவர அரசமைப்பின் 15(5) பிரிவு வழி திறந்து வைத்திருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்று உறுதி செய்த பின்னரும், ஒன்றிய அரசு அதைக் கொண்டு தனியார் நிறுவனங்களுக்கான சட்டம் எதையும் இயற்றவில்லை. பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையோ அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஆக, பட்டப்படிப்பில் போராடிப் பெற்ற உரிமை, பட்டத்துக்குப் பிந்தைய கல்வியில் ஓசையின்றிக் கரைகிறது. மரபுப் பாதுகாப்புத் துறையில் இதன் விளைவு கூடுதல் கடுமையானது. ஏனெனில் பாதுகாப்புக் கட்டடக்கலையில் முதுகலை தரும் நிறுவனங்கள் நாட்டிலேயே மிகச் சில. எஞ்சியோர் இத்துறைக்குள் நுழையும் கதவு குறுகியகாலப் படிப்புகளே.

இதன் மறுபக்கத்தில் உழைப்பு நிற்கிறது. சென்னையில் பொதுப்பணித் துறை அண்மை ஆண்டுகளில் மீட்டெடுத்த ஹுமாயூன் மகால் போன்ற பழங்கட்டடங்களில் சிமெண்டு பயன்படாது. சுண்ணாம்பைக் குழியில் நீற்றி நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து பூச வேண்டும். கலவை எப்போது பதமானது என்பதைக் கரணையில் ஒட்டும் விதத்தைக் கொண்டே கொத்தனார் சொல்லிவிடுவார். பயிலரங்குகளில் இது ‘மரபுத் தொழில்நுட்பம்’ என்ற தலைப்பில் ஒரு பிற்பகல் பாடம். பங்கேற்பாளருக்குச் சான்றிதழ் கிடைக்கும். பிசைந்து காட்டியவருக்கு அன்றைய கூலி கிடைக்கும். அகழாய்வுக் குழிகளிலும் இதுவே நிலை. கீழடியில் மண்ணின் நிறம் மாறுவதைச் சுரண்டிப் பார்த்துச் சொன்ன கைகளில் உள்ளூர் விவசாயக் கூலிப் பெண்களின் கைகளும் உண்டு. பல பருவங்கள் அதே வேலையைச் செய்தவருக்கும் அதைச் சொல்லும் ஒரு தாள் கிடையாது. தாள் இல்லாததால் ஒப்பந்தப் புள்ளியில் அவருடைய திறன் கணக்கில் வராது. ‘திறன் பெறாத் தொழிலாளர்’ என்ற கட்டத்தில்தான் பெயர் ஏறும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே, முன்பே பெற்ற திறனைச் சோதித்து ஏற்றுச் சான்றளிக்கும் கூறு இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, கல் பொருத்துதல், அகழாய்வு உதவி ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தும்படி மாநிலத் தொல்லியல் துறையையும் பொதுப்பணித் துறையையும் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். குறைந்தபட்ச ஊதிய வழக்குகளில் அத்தகைய சான்றிதழ் ஒன்று எவ்வளவு எடை பெறும் என்பது தொழிலாளர் நீதிமன்றங்களில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

சான்றிதழ் பெற்ற நிபுணர் நம் பக்கம் இல்லாதபோது என்ன நேரும்? அம்பேத்கரோடு தொடர்புடைய இரண்டு கட்டடங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மும்பை தாதரில் இருந்த அம்பேத்கர் பவனில் புத்த பூஷண் அச்சகம் இயங்கியது. ‘ஜனதா’வும் ‘பிரபுத்த பாரத்’தும் அச்சான இடம் அது. 2016 சூன் 25 அன்று விடியும் முன்பே அது இடித்துத் தள்ளப்பட்டது. கட்டடம் பாழடைந்து ஆபத்தான நிலையில் இருந்தது என்பதே இடித்த தரப்பு சொன்ன காரணம். சூலை 19 அன்று மும்பையில் பெரும் பேரணி நடந்தது. அதற்குள் அச்சகம் மண்மேடாகிவிட்டது. ஆபத்தான கட்டடம் என்பது பொறியியல் முடிவு. தாங்குகால் கொடுத்து நிறுத்தலாமா, சுவரை வலுவூட்டலாமா, எந்தப் பகுதியை மட்டும் அகற்றலாம் என்றெல்லாம் எதிர் அறிக்கை தர இயலும். ஆனால் அதற்கு இடிப்பதற்கு முன்பே அறிக்கை எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவ்வறிக்கையை நோக்கித் தடையாணை கோரும் வழக்கறிஞர் வேண்டும்.

மற்றொரு கட்டடம் இலண்டனில் உள்ளது. 1921-22இல் மாணவராக அம்பேத்கர் தங்கியிருந்த 10, கிங் ஹென்றி சாலை வீட்டை மகாராட்டிர அரசு 2015இல் வாங்கி நினைவில்லமாக்கியது. குடியிருப்பை அருங்காட்சியகமாக மாற்றியதற்குக் கேம்டன் உள்ளாட்சி மன்றம் அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டில் பொது விசாரணை நடைபெற்றது. குடியிருப்பு ஒன்றை இழப்பதால் வரும் தீங்கும் அவ்வீட்டின் வரலாற்று மதிப்பும் எடைபோடப்பட்டன. 2020 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இங்கிலாந்து நம் மக்கள்மீது கொண்ட பேரன்பால் இது நடக்கவில்லை. ஓர் அரசு வழக்கு நடத்தியது, மதிப்பை நிறுவும் சான்றுகள் முன்வைக்கப்பட்டன, கேட்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. தாதரில் இம்மூன்றும் இருக்கவில்லை.

நடைமுறை இல்லாததற்கு நம் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், குறைந்தது 100 ஆண்டு பழமை கொண்ட கட்டுமானம், புதைவிடம், குகை, சிற்பம், கல்வெட்டு போன்றவற்றையே பழங்கால நினைவுச் சின்னம் என்கிறது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் இக்கணக்கு எளிதில் பொருந்தும். தலித் மக்களின் பொதுவெளி வரலாறோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது. மகாடு சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிய நாள் 1927 மார்ச் 20. அந்நிகழ்வுக்கே 2027இல்தான் நூறாண்டு நிறைகிறது. 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி 1968க்கு உரியது; இக்கணக்கில் அது 2068 வரை காத்திருக்க வேண்டும். வயது நிறையும் வரை குடிசையின் மண்சுவர் நிற்குமா?

கோலார் தங்கவயல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1880களில் ஆங்கிலேய நிறுவனம் தொடங்கிய சுரங்கங்களில், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் பேசும் தலித் மக்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் சென்னைக்கு வெளியே வலுவாக வேரூன்றிய இடங்களில் மாரிக்குப்பம் முக்கியமானது. அவருடைய ‘தமிழன்’ இதழுக்கும் நிலையான வாசகர்கள் அங்கே இருந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயலின் மரபு என்று பேச்செழும்போது முதலில் கண்ணில் படுவது அதிகாரிகளின் பங்களாக்களும் மன்றக் கட்டடமும்தான். தொழிலாளர் லைன் வீடுகள், பௌத்த சங்கக் கூடங்கள், வாசகசாலைகள் ஆகியவற்றை அளந்து, வரைபடமாக்கி, வாய்மொழிச் சான்றோடு பதிவு செய்வதே உடனடித் தேவை. ஆறு வாரப் பயிற்சி பெற்ற பத்து மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை அது. ஒரு கட்டடத்தின் வயதையும் மதிப்பையும் நிறுவும் ஆவணம் கையில் இருந்தால் மாநில அரசிடம் மனு கொடுக்கலாம்; இடிப்பு அறிவிப்பு வந்தால் உயர் நீதிமன்றம் செல்லலாம். தனித்த பண்பாடு கொண்ட குடிமக்கள் பிரிவு ஒவ்வொன்றுக்கும் அதைப் பேணும் உரிமை உண்டு என்கிறது அரசமைப்பின் 29(1) பிரிவு. அப்பிரிவு பெரும்பாலும் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கான வழக்குகளிலேயே எடுத்தாளப்பட்டுள்ளது. சேரியின் வாசகசாலைக்காக அதை வாதிட்டுப் பார்க்கும் பொறுப்பு நம் தலைமுறை வழக்கறிஞர்களுடையது.

தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டுப் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. அவ்வாணையத்தில் நிபுணர்களாக அமரப்போவோர் எங்கிருந்து வருவார்கள் என்பதை இன்றைய பட்டய, சான்றிதழ் வகுப்புகளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆகவே கல்லூரி மாணவர்கள் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டுகிறோம். ஒன்று, அரசோ பல்கலைக்கழகமோ நடத்தும் இப்படிப்புகளுக்கு விண்ணப்பிப்பது. தகுதி வரியில் தமிழ், வரலாறு, சமூகவியல், பொறியியல் பட்டதாரிகள் விடுபட்டிருந்தால் 2020ஐச் சுட்டி எழுத்து வடிவில் முறையிடுவது.

மற்றொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு. கடந்த ஐந்தாண்டுகளில் அப்படிப்புக்கு விண்ணப்பித்தவர், சேர்க்கப்பட்டவர், முடித்தவர் எத்தனை பேர், பிரிவு வாரியாக. இட ஒதுக்கீடு பின்பற்றப்பட்ட ஆணையின் நகல். கட்டணச் சலுகை பெற்றவர் எண்ணிக்கை. களப்பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்த இடங்களின் பட்டியல். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். பாடத்திட்டத்தின் சாதியை அப்பட்டியலே காட்டிவிடும். அரசு நிதியைக் கணிசமாகப் பெறும் அறக்கட்டளைகளும் 2(எச்) பிரிவின்படி பதில் தரக் கடமைப்பட்டவை. மத்திய அரசு அலுவலகங்களுக்கும் தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கும் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாட்கள்.