ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுது?

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அப்பாவுக்குத் தேக்காதான். சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கி, பஃப்ளோ ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் தேநீர் குடித்த பிறகே வீடு திரும்புவார். 2024ல் ஒரு முறை அப்படி உட்கார்ந்திருந்தபோது, லண்டனிலிருந்து சித்தப்பா மகள் காணொளியில் அழைத்தாள். இங்கே மாலை ஐந்து மணி, அங்கே காலை பத்து.

மன்னார்குடிப் பெண். வேலைக்காகப் போய் நான்கு ஆண்டுகளாகக் கிழக்கு லண்டனின் ஸ்டிராட்ஃபர்டில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து விழுந்த தேர்தல் துண்டுப்பிரசுரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்த ஆண்டு மே 22ஆம் தேதி கொட்டும் மழையில் நனைந்தபடி அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்த பொதுத் தேர்தல், ஜூலை 4ஆம் தேதி, வியாழக்கிழமை நடக்கவிருந்தது.

“உனக்கும் அங்க ஓட்டு இருக்காம்மா?” என்று கேட்டார் அப்பா.

“இருக்கு பெரியப்பா. பேரும் பதிஞ்சாச்சு. இந்தியப் பாஸ்போர்ட்டக் காட்டினாலே போதும்.”

அப்பாவுக்கு வியப்பு. பிரிட்டனில் முறையான அனுமதியோடு வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்கள், குடியுரிமை இல்லாவிட்டாலும் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். பேரரசுக் காலத்தின் மிச்சம் அது.

“ஆனா நான் போகப்போறதில்ல” என்றாள் அடுத்த மூச்சில். “எங்க ஏரியா தொழிற்கட்சியோட கோட்டை. நிக்கிறவங்க உமா குமரன், நம்ம இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு. நான் போட்டாலும் போடாட்டாலும் அவங்க ஜெயிச்சிடுவாங்க. என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுது?”

அவள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. அங்கே மொத்தம் 650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் அதிக வாக்கு பெற்றவர் வெற்றிபெறுவார். மற்றவர்களுக்கு விழுந்த வாக்குக்கு இருக்கை கிடையாது. 2019 தேர்தலில் 43.6 விழுக்காடு வாக்கு பெற்ற பழமைவாதக் கட்சிக்கு 365 இடங்கள். 11.5 விழுக்காடு பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 11 இடங்கள்தான். ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட எஸ்என்பி கட்சியோ 3.9 விழுக்காட்டிலேயே 48 இடங்களைப் பிடித்தது. வாக்காளர்களில் மூன்றில் ஒருவர் வாக்களிக்கவே போகவில்லை. நாமும் பிரிட்டனிடமிருந்து பெற்ற இதே முறையைத்தான் பின்பற்றுகிறோம். 2020ல் மக்கள் செயல் கட்சி ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளுடன் 93ல் 83 இடங்களை வென்றது.

விடாமல் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1950 பிப்ரவரியில் பிரிட்டனில் பொதுத் தேர்தல். டெவன் வட்டாரத்தின் டோட்னஸ் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் நின்றவர் டேவிட் விடிகோம்ப். பழமைவாதக் கட்சியின் கோட்டை அது. தோல்வி உறுதி என்று தெரிந்தும் அவருக்காக ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசினார், கேம்பிரிட்ஜில் உடன் படித்த சிங்கப்பூர் நண்பர் ஒருவர். அவர் பெயர் லீ குவான் இயூ. நண்பர் தோற்றார். நாடு முழுவதும் பார்த்தால், தொழிற்கட்சி ஐந்தே இடப் பெரும்பான்மையில் ஆட்சியைத் தக்கவைத்தது. கட்டாயம் ஏதுமில்லாமலேயே அன்று ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள்.

“அவர் பெரிய தலைவர் அண்ணா, நான் சாதாரண ஆளு” என்று சிரித்தாள்.

அப்போதுதான் அப்பா கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கினார்.

“எனக்கு 1989ல குடியுரிமை கெடச்சுதும்மா. நாங்க இருந்தது தஞ்சோங் பகார் குழுத்தொகுதி. 91, 97, 2001, 2006... ஒரு தடவையும் எதிர்த்து நிக்க ஆள் இல்ல. வேட்புமனுத் தாக்கலோட எல்லாம் முடிஞ்சிடும். 2011ல ஒரு குழு வந்துச்சு. மனுவைக் குடுக்க 35 விநாடி லேட்டு. அதுவும் போச்சு.”

அதிபர் தேர்தலில் வாக்களித்திருக்கிறார். ஆனால் பொதுத் தேர்தலில் அவர் கைக்கு முதன்முதலாக வாக்குச்சீட்டு வந்தது 2015 செப்டம்பர் 11ஆம் தேதிதான். விடுதலைக்குப் பிறகு எல்லாத் தொகுதிகளிலும் போட்டி நடந்த முதல் தேர்தல் அது. அப்பாவுக்கு அப்போது 63 வயது. முதல் நாள் இரவே சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார். காலை எட்டு மணிக்குத் திறக்கும் வாக்குச்சாவடி வாசலில் ஏழு மணிக்கே போய் நின்றார். யாருக்கு வாக்களித்தார் என்பதை இன்றுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் வாக்கால் முடிவு மாறிவிடவில்லை. தொகுதியில் முக்கால்வாசிக்கும் மேல் வாக்குகளோடு ஆளுங்கட்சியே வென்றது. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்தவர், “என்னையும் கேட்டாங்கடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நம் அடுத்த பொதுத் தேர்தலை அப்போது 2025 நவம்பருக்குள் நடத்தியாக வேண்டியிருந்தது. இங்கே வாக்களிப்பது கட்டாயம். தவறினால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் மீண்டும் சேர்க்க முடியும். அந்த 50 வெள்ளிக்குப் பயந்து போகிறோமா, இல்லை, நம்மையும் கேட்கிறார்கள் என்பதற்காகப் போகிறோமா? எனக்கே இதுவரை முதலாவது காரணம்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

“அங்க எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?” என்று அப்பாவே கேட்டார்.

“காலைல ஏழு மணிக்கு, பெரியப்பா. ராத்திரி பத்து வரைக்கும்.”

“அப்ப வேலைக்குப் போற வழியிலேயே போட்டுட்டுப் போயிடலாமே.”

“பாக்கறேன் பெரியப்பா” என்றாள்.

அப்பா கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். வியாழக்கிழமை இரவு அவளை அழைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு.