வான்கதவை எப்ப திறக்கிறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது?

2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறபட்டு, கண்டாவளைப் பக்கத்து ஊர்கள் தண்ணிக்குள் போனது பலருக்கும் நினைவிருக்கும். அதுக்குப் பிறகு எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: கதவை நேரத்துக்குத் திறந்தார்களா, இல்லையா? விசாரணையும் நடந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றால், ஒவ்வொரு மாரியிலும் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்போம்.

குளம் இருந்தால் வெள்ளம் வராது என்று நாங்கள் நினைக்கிறோம். அது பாதி உண்மை. குளத்தில் இடம் இருந்தால், மேலிருந்து வேகமாக வாற தண்ணியை அது வாங்கி வைத்து மெல்ல மெல்ல விடும். கீழே வெள்ளம் குறைவாகவும் பிந்தியும் வரும். குளம் முட்டி நிற்கும்போது அந்த வேலை நடக்காது. வாற தண்ணி அப்படியே வெளியே போக வேண்டியதுதான். திறக்கப் பிந்தினால், அணைக்கட்டைக் காப்பாற்ற ஒரேயடியாகத் திறக்க வேண்டி வரும். அப்போது ஆறு தன்பாட்டில் ஏறுவதைவிட வேகமாக ஏறும். வீட்டுச் சாமானை எடுக்கவும் நேரம் கிடைக்காது.

இரணைமடு வெள்ளத்தைத் தடுக்கக் கட்டின குளம் இல்லை. கனகராயன் ஆற்றை மறித்து, நெல் விளைவிக்கக் கட்டினது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது மாரி முடிவில் குளத்தில் நிற்கிற தண்ணியைப் பொறுத்தது. புனரமைப்புக்குப் பிறகு அதன் கொள்ளளவு 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. கமக்காரருக்கு அந்த இரண்டு அடியும் நெல்லு. ஆற்றோரத்தில் இருக்கிறவர்களுக்கோ, வெறுமையாக இருந்தால்தான் அது பாதுகாப்பு. இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். டிசம்பரில் தண்ணியைத் திறந்துவிட்டு, பிறகு மழை பெய்யாமல் போனால், அதே பொறியியலாளரைத்தான் கமக்காரர் ஏசுவார்கள்.

அதனால் இது பொறியியல் பிரச்சினை மட்டுமில்லை. யாருடைய நட்டத்தை யார் ஏற்பது என்கிற அரசியல் பிரச்சினையும்தான். அதை மழை கொட்டுற ராத்திரியில் ஒரு அதிகாரியின் தலையில் போடுவது நியாயமில்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எப்போது விதைப்பது, எவ்வளவு தண்ணி தருவது என்று அங்கே பேசி முடிவெடுக்கிறார்கள். வெள்ளத்தையும் அதே மாதிரிப் பேசலாமே? எந்த மாதத்தில் எத்தனை அடிக்கு மேல் தண்ணி நிற்கக்கூடாது, எந்த மட்டத்தில் எத்தனை கதவு திறபடும், எத்தனை மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் மாரிக்கு முன்னமே, ஆற்றோர ஊர்ச்சனத்தையும் இருத்தி வைத்து எழுத வேண்டும். எழுதினதைக் கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கீழே இருக்கிறவர்களுக்காகத் தண்ணியை விட்டு, அதனால் சிறுபோகம் குறைந்தால், கமக்காரருக்கு அரசு நட்டஈடு தர வேண்டும்.

மழையை எங்களால் நிப்பாட்ட ஏலாது. கதவு திறக்கிறது மனுசர் எடுக்கிற முடிவு. அந்த முடிவால் நனையப் போறவர்களுக்கு அதில் ஒரு வாய்ப்பேச்சாவது இருக்க வேணும்.