சித்திரம் பிறவியா, பழக்கமா?

சித்திரம் எழுதும் திறமை ஒருவனுக்குப் பிறவியிலேயே வருவதா, அப்பியாசத்தினால் வருவதா என்ற கேள்வியைப் பண்டிதர்களின் பொழுதுபோக்கு விவகாரமென்று சிலர் ஒதுக்கிவிடலாம். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. ஜனங்கள் இக்கேள்விக்கு எந்த விடையை நம்புகிறார்களோ, அதைப் பொறுத்தே ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பு இருப்பதும் இல்லாமற் போவதும் நிச்சயமாகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தகப்பன்மார் பலர், "அதெல்லாம் பிறவியில் வரவேண்டும், நம் பையனுக்கு அந்தக் கை இல்லை" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்துவிடுகிறார்கள். சாட்சிகளை விசாரியாமல் தீர்ப்புச் சொல்வது எந்த நியாய ஸ்தலத்துக்கும் அடுத்ததன்று. ஆகவே அந்த ஜில்லாவிலுள்ள சாட்சிகளையே முதலில் அழைப்போம்.

முதற் சாட்சி வீட்டு வாயிலிலேயே இருக்கிறது. மார்கழி மாதத்து விடியற்காலையில் திண்டிவனத்துத் தெருக்களில் நடந்து சென்றால் வாயிலுக்கு வாயில் கோலத்தைக் காணலாம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவை எடுத்து, அது ஒரே கனத்தில் விழும்படி கையை நகர்த்துவது எளிய காரியமன்று. அளவுகோலின்றிச் சம இடைவெளியில் புள்ளி வைக்கவேண்டும். புள்ளிகளையெல்லாம் வளைத்துச் சென்ற இழை, புறப்பட்ட இடத்துக்கே பிசகாமல் வந்து சேரவேண்டும். 5 புள்ளிக் கோலத்தில் தடுமாறிய சிறுமி, நாலைந்து மார்கழி கழிந்தபின் 15 புள்ளிக் கோலத்தைப் பேசிக்கொண்டே போட்டு முடிக்கிறாள். இவளைப் பார்த்து, "உனக்குக் கோலம் பிறவியில் வந்ததா?" என்று யாரேனும் கேட்டதுண்டா? தாய் போட்டாள், மகள் பார்த்தாள், பிறகு தானும் போட்டாள். ஒருத்தியின் கோலம் மற்றொருத்தியின் கோலத்தைவிட அழகாயிருக்கலாம். ஆனால் எவ்வளவு பழகியும் கோலமே போட வராத பெண் மிக அபூர்வம். அதே சிறுமியிடம் பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கொடுத்தால், "எனக்குப் படம் போட வராது" என்கிறாள். கை ஒன்றுதான். வீட்டில் அதைப் பழக்கத் தாய் இருந்தாள். பள்ளியில் பழக்க ஒருவருமில்லை.

இரண்டாம் சாட்சி பனமலைக் குன்றின்மேல் இருக்கிறது. விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த அக்குன்றில், 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் ஆலயம் நிற்கிறது. அதன் சுவரில், குடை நிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் சித்திரம் இன்றும் எஞ்சியிருக்கிறது. சிதைந்த நிலையிலும் அம்முகத்தின் கோடும் இடையின் வளைவும் பார்ப்பவரை நிறுத்திவிடுகின்றன. அதை எழுதியவன் பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம்: சுண்ணாம்புக் காரையின்மேல் அத்தகைய கோட்டை இழுத்த கை, அதற்குமுன் ஆயிரம் கோடுகளை இழுத்து அழித்த கையாகவே இருக்கவேண்டும். அதற்கு ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்னர், அதே ஜில்லாவிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றிக் குகைக் கோயில் குடைவித்ததாகக் கல்லில் எழுதிவைத்தவன் முதலாம் மகேந்திரவர்மன். அவ்வரசன் பூண்ட விருதுப் பெயர்களுள் சித்திரகாரப்புலி என்பதும் ஒன்று. செங்கோல் பிடித்தவனே தூரிகையைப் பெருமையாகக் கருதிய தேசத்தில் சித்திரக்காரர் தோன்றியது அதிசயமன்று. ஆதரவு இருந்தது, பயிற்சி இருந்தது, ஆகவே திறமையும் வெளிப்பட்டது.

இங்கே எதிர்க்கட்சியார் ஒரு யுக்தி சொல்வார்கள். "அவர்களெல்லாம் பரம்பரைக் கலைஞர்கள், இரத்தத்திலேயே வித்தை ஓடியது" என்பர். சிற்பியின் மகன் ஐந்து வயதிலேயே உளியின் ஓசைக்கு நடுவே வளர்கிறான். தகப்பன் கல்லில் கோடு போடுவதைத் தினந்தோறும் பார்க்கிறான். பிசகினால் தலையில் குட்டு வாங்குகிறான். வீடே பள்ளிக்கூடமாக இருந்ததை மறந்து இரத்தத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பது என்ன நியாயம்? மாமல்லபுரத்தில் 1957-ம் வருஷம் அரசாங்கம் சிற்பக் கலைக்கூடம் தொடங்கிய பிறகு, சிற்பிகளின் குடும்பத்தில் பிறவாத இளைஞர்களும் அங்கே உளி பிடித்துத் தேர்ந்திருக்கிறார்கள். விழுப்புரம் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் வர்ணம் கலக்கினார்கள். பிறகு குரு போட்ட எழுத்துக்குள் வர்ணம் நிரப்பினார்கள். பின்னர் எழுத்தும், எல்லாவற்றுக்கும் கடைசியில் முகமும் எழுதப் பெற்றார்கள். பிளெக்ஸ் அச்சு வந்து அத்தொழிலை விழுங்கியபோது, ஒரு தொழிலோடு பல பயிற்சிக்கூடங்களும் சேர்ந்து மறைந்தன.

பிறவித் திறமைக்குச் சிறந்த உதாரணமென்று ராஜா ரவிவர்மாவைக் காட்டுவார்கள். காட்டட்டும். 1848-ல் கிளிமானூரில் பிறந்த அவர் சிறு வயதிலேயே கரித்துண்டால் சுவரெல்லாம் படம் எழுதினார் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சுவரைக் கண்டு சினவாமல், அருகழைத்துக் கற்றுக்கொடுத்த மாமன் ராஜராஜ வர்மாவை ஏன் மறக்கிறார்கள்? 14-ம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், அங்கே தேர்ந்த சித்திரக்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே பயின்றார். 1868-ல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் தாம் எழுதுவதைப் பார்க்க மட்டுமே அவருக்கு அனுமதி தந்தார். அதையும் அவர் விடவில்லை. 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றபோது, அரண்மனையில் புகுந்து 11 வருஷம் ஆகியிருந்தது. வின்சென்ட் வான்கோ 1880-ல் தம் 27-ம் வயதில்தான் ஓவியராவதென்று தீர்மானித்தார். பயிற்சிப் புத்தகத்திலுள்ள படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தெழுதியே கையைத் திருத்திக்கொண்டார்.

இயற்கைக்கு ஒரு பங்குமில்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. பெர்லினில் வயலின் பயின்றவர்களை ஆராய்ந்த ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய தோழர்களும், முன்னணியில் நின்றவர்கள் 20 வயதுக்குள் சராசரி 10,000 மணி நேரத்துக்குமேல் தனிப்பயிற்சி செய்திருந்ததாக 1993-ல் வெளியிட்டார்கள். ஆனால் பல ஆராய்ச்சிகளை ஒன்றுகூட்டி 2014-ல் கணக்கிட்டவர்கள், இசையில் ஒருவருக்கொருவர் காணும் ஏற்றத்தாழ்வில் பயிற்சியால் விளங்குவது 21 சதவீதமே என்றார்கள். ஆகவே பயிற்சியே எல்லாம் என்பதும் மிகையே. திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். புளியங்கொட்டையை விதைத்து மாமரம் எதிர்பார்ப்பவன் மூடன். ஆனால் கொட்டையைப் பாறைமேல் எறிந்துவிட்டு, இது முளைக்கும் ஜாதியன்று என்று சொல்பவனை என்னவென்பது? எல்லாரும் ரவிவர்மா ஆகமாட்டார்கள். எவன் ஆவான் என்பதைப் பழக்கிப் பார்க்குமுன் அறியும் வழியும் எவரிடமும் இல்லை.

இப்போது சர்க்காரின் பக்கம் திரும்புவோம். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மகாநாட்டின் பின்னர், டாக்டர் ஜாகீர் ஹுசேன் கமிட்டி வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் சித்திரமும் ஒரு பாடமாக இடம் பெற்றது. அதை ஆடம்பரமென்று அவர்கள் எண்ணவில்லை. தச்சனுக்கும் கொத்தனுக்கும் தையற்காரனுக்கும் நில அளவைக்காரனுக்கும் கண்ணும் கையும் ஒத்துழைக்கவேண்டுமென்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமோ, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேற்பட்டால் கலைக்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் ஒருவர் வேண்டுமென்று சொல்கிறது. 99 பிள்ளைகள் உள்ள கிராமப் பள்ளிக்கு அதுவும் இல்லை! தமிழ்நாட்டில் 2012-ல் சித்திரம், தேகப்பயிற்சி முதலியவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தபோது, வாரத்தில் மூன்று அரை நாள் வேலையும் மாதம் 5,000 ரூபாய் சம்பளமும் விதித்தார்கள். சம்பளம் பின்னர் உயர்த்தப்பட்டது, மனப்பான்மை உயர்ந்ததா? பரீட்சை நெருங்கினால் கணக்குப் பாடம் முதலில் பிடுங்கிக்கொள்வது சித்திர வகுப்பையே. கேட்டால், "வரம் பெற்றவன் எப்படியும் வரைவான், மற்றவனுக்கு எதற்கு?" என்கிறார்கள். பிறவித் திறமை என்ற சித்தாந்தம் இவ்விதம் சிக்கனத்துக்கு வேதமாகிவிட்டது. இதனால் நஷ்டமடைபவன் யார்? பணக்காரன் பிள்ளைக்குப் பட்டணத்தில் தனி ஆசிரியர் கிடைப்பார். விழுப்புரத்துக் கூலிக்காரன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதியில்லை.

ஆகையால் ஊரில் பொதுக்காரியம் செய்யும் நமது நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் செல்லுங்கள். சித்திர ஆசிரியர் இருக்கிறாரா, இருந்தால் அவருடைய வகுப்பு அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 100 என்ற எண்ணிக்கையைக் காட்டி மறுத்தால், அடுத்தடுத்த இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து முழு நேர ஆசிரியர் ஒருவரை நியமிக்கும்படி மனுச் செய்யுங்கள். பிள்ளைகளைப் பனமலைக்கு ஒரு நாள் அழைத்துச் சென்று அந்தத் தேவியைக் காட்டுங்கள்.

ஒளவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, சித்திரத்தைப் பழக்கத்தால் வருவனவற்றோடு சேர்த்து வைத்து, ஈகையையும் தயையையும் பிறவிக் குணங்களென்று பிரித்துச் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பழகத் தயாராயிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பென்சிலும் ஓர் ஆசிரியரும் தரும் குணம் ஆளுவோரிடம் பிறவியிலேயே இல்லையென்றால், அதையும் அவர்களுக்குப் பழக்கிவைப்பது ஜனங்களின் கடமை.